குடும்பச் சொல்

கடவுச்சொல்லில் பிறந்த வருடத்தை வைக்காதீர்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். யார் யார் என்று நான் கேட்பதில்லை. அறுபது வயதைத் தாண்டியவரை நாலு பேர் முன்னால் வெட்கப்பட வைத்தால் அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார்.

ரக்ஷனா, பெர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். உங்கள் கணவர் சுரேந்தர் இறப்பதற்குப் பதினெட்டு நாள் முன்பு, சிங்கப்பூரிலிருந்து அவர் போனுக்கு ஆறு நிமிட அழைப்பு ஒன்று வந்திருக்கிறது. அது யார், என்ன பேசினார் என்று கேட்கிறீர்கள். அது நான்தான். பெயர் பிரபாகர். தஞ்சோங் பகாரில் ஒரு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கணினிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் மூத்தவர்களுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மாமியார் பூவம்மா என் மாணவி. நீங்கள் அவரை இன்னும் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் வகுப்புக்கு வந்தபோது ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருந்தார். பார்சல் வந்திருக்கிறது என்று ஒரு லிங்க், அதை அழுத்தினார், வங்கியிலிருந்த பணம் போயிற்று. அதற்குப் பிறகு அவருக்குப் போனைத் தொடவே பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படி. கண் மருத்துவமனை அனுப்பும் நினைவூட்டல்கூட அவருக்குத் திருடன்தான். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். எது வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வரும். "சார், இது உண்மையா பொய்யா பாருங்க லா" என்று கூடவே எழுதியிருப்பார். நான் உண்மை என்றால் உண்மை, பொய் என்றால் பொய்.

என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஒரு நாளில் ஏழெட்டு முறை ஒருவர் என்னிடம் ஏதாவது கேட்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. அவர் ஒரு சனிக்கிழமை வரவில்லையென்றால் அந்த வாரமே எனக்குச் சப்பென்று இருக்கும்.

குடும்பச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். இப்போது குரலையே போலியாகச் செய்துவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்குள் ஒரு சொல்லை ரகசியமாக வைத்துக்கொள்ளவேண்டும். அவசரம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும். சொல்லத் தெரியாதவன் மோசடிக்காரன். நல்ல முறைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய் மகனோடு, மருமகளோடு பேசி வைத்துக்கொண்டார்கள். பூவம்மா மட்டும் வகுப்பு முடிந்தும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் யாரோட சார் வச்சுக்கிறது?" என்றார். "எம்மகன்தான் பேசறதில்லையே."

உங்கள் திருமணத்தை முன்கூட்டிச் சொல்லாமல் பதிவு செய்ததற்காக, நான் செத்தாலும் வந்து நிற்காதே என்று மகனிடம் சொன்னவர் அவர். அதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் தன் வாயிலேயே அடித்துக்கொள்வார். நான்கு வருடமாக அம்மாவுக்குத் தானாகக் கூப்பிடக் கூச்சம், மகனுக்குத் தானாகக் கூப்பிடக் கோபம்.

"என்கூட வச்சுக்குங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார். அது என்னவென்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது எங்கள் இருவருக்கும் உரியது.

மார்ச் மாதம் அந்தச் செய்தி வந்தது. 'அம்மா, நான் சுரேந்தர். இது புது நம்பர். உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கேன். பேசணும்.' நான் வகுப்பில் திரையில் போட்டுக் காட்டும் மோசடிச் செய்திகளில் முதலாவது இதுதான், ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து. பூவம்மா சொல்லிக்கொடுத்தபடியே செய்தார். லிங்க் எதையும் தொடவில்லை, பதறவில்லை, குடும்பச் சொல் என்ன என்று கேட்டு எழுதினார். 'என்ன சொல்லும்மா? எனக்கு எதுவும் தெரியாதே' என்று பதில் வந்தது. அதன்பின் ஒரு குரல் பதிவு. நாற்பது வினாடி.

அவர் அதை எடுத்துக்கொண்டு தேக்கா சந்தை காப்பிக்கடைக்கு ஓடிவந்தார். "சொல் தெரியல சார். ஆனா குரல் அப்படியே எம்பிள்ளை குரலு. இருமிட்டே பேசறான்" என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன், நாளைவரை எதற்கும் பதில் போடாதீர்கள் என்று அவரை அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு என் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். அந்த ஆறு நிமிடம் அதுதான். சந்தேகம் வந்தால் நீங்களே நேராகக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள் என்பதும் என் பாடத்தில் இருக்கிறது.

பூவம்மா சொல்லி எனக்குப் பதில் தெரிந்த மூன்று கேள்வி கேட்டேன். சிறுவயதில் குடியிருந்த அடுக்குமாடி புளோக் எண், அப்பா வேலை பார்த்த இடம், அம்மாவின் இடது காலில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது. மூன்றுக்கும் சரியாகச் சொன்னார். தழும்பைச் சொல்லும்போது அழுதார், ஏனென்றால் சிறுவயதில் அவர் ஓட்டிய சைக்கிள் மோதித்தான் அது வந்தது. கணையத்தில் புற்றுநோய், சில வாரம்தான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றார். இரண்டு வயதில் மகள் இருக்கிறாள், எங்கம்மா ஜாடை என்றார்.

"அம்மா வரவேணாம் அங்கிள், அவங்களால அலைய முடியாது. ஒரு தடவை பேசினாப் போதும். கோவம் இல்லைன்னு சொல்லணும். நீங்க கூட இருக்கீங்க, அதுவே எனக்கு நிம்மதி. தேங்க்ஸ் அங்கிள்."

சொல்கிறேன் என்றேன்.

அன்று மதியம் பூவம்மாவிடம், பொய், கணினியால் செய்த குரல், அந்த எண்ணே களவு எண் என்றேன். அவர் போனை வாங்கி நானே அதைத் தடைசெய்தேன். தெரியாத எண்கள் எதுவும் மணி அடிக்காதபடி அமைப்பையும் மாற்றினேன். பிறகு நீங்கள் மூன்று வேறு எண்களிலிருந்து அனுப்பிய செய்திகளும் வழக்கம்போல எனக்கு வந்தன. மூன்றுக்கும் பொய் என்றே பதில் போட்டேன். மூன்றாவது, சுரேந்தர் இறந்துவிட்டார் என்ற செய்தி. அதைப் படித்துவிட்டு நான் குளியலறையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். நீங்கள் நம்பவேண்டும் என்பதில்லை. அழுதது நிஜம். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, 'பொய், அழித்துவிடுங்கள்' என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பூவம்மாவுக்கு இருதயம் பலவீனம், அந்தச் செய்தியைத் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். முதல் இரண்டு நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. ஒருமுறை பேசியிருந்தால் அவர் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். போனால் பேத்தியைப் பார்ப்பார். பார்த்தவர் திரும்பி வரமாட்டார். ஒருவேளை நல்லபடியாக இருங்கள் என்று பெர்த்திலிருந்து எனக்கு மாதம் ஒருமுறை பூப்படம் அனுப்புவார். அவருக்கு எது உண்மை, எது பொய் என்று சொல்ல அங்கே நீங்கள் இருப்பீர்கள்.

அந்தக் குரல் பொய் என்று நான் சொன்ன வாரத்துச் சனிக்கிழமை அவரை எழுப்பி நிறுத்தி வகுப்புக்கு அந்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னேன். அது தேவையில்லைதான், ஆனால் நல்ல உதாரணம். "குடும்பச் சொல் கேட்டேன், பய முழிச்சிட்டான்" என்று அவர் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். அப்துல் அலீம் பாய் எழுந்து நின்று தட்டினார். பூவம்மாவும் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, அதையும் நான் பார்த்தேன்.

ஏப்ரலில் ஒருநாள் காப்பிக்கடையில் அவரே சொன்னார். "அந்தத் திருட்டுப் பய இப்பல்லாம் ஒன்னும் அனுப்பறதில்ல சார். பயந்துட்டான் போல." சற்று நேரம் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க. அந்தக் குரலை மட்டும் நான் அழிக்கல. தினம் காலையில ஒருவாட்டி கேக்கறேன். பொய்யா இருந்தாலும் எம்பிள்ளை குரலு மாதிரி இருக்கே. அதுல அவன், கோவம் இல்லம்மாங்கறான்" என்றார்.

நான் கையை நீட்டினேன். அப்படிப்பட்ட பதிவுகளில் வைரஸ் இருக்கும் என்று விளக்கினேன். அவர் போனை மார்போடு வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. பிறகு வாங்கி அழித்தேன், குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தேன். அதன் நகல் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மகளோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நேரில் வருகிறவர்களைத் தடுக்க என்னிடம் வழி இல்லை. சுரேந்தர் உண்மையானவர் என்று தெரிந்தேதான் பொய் என்றேன். எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன், கையெழுத்தும் போடுவேன்.

பூவம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்றுதான் கவலையாக இருக்கிறது. நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டும். என் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை அவரை ஒருவராலும் ஏமாற்ற முடியவில்லை.