ஆர்லனுக்கு வெறும் அமிலம்தான்

நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள்; எங்கள் மினசோட்டாவில் எந்தப் பண்டத்தை நீட்டினாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முறைதான் வாங்கிக்கொள்வோம். அதனால் என் தம்பி ஆர்லன் சாப்பிடாமல் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. கொஞ்சம் எழுந்து நடக்கிறேன் அதிகாரி ஐயா, உட்கார்ந்தால் கால் நிலைகொள்ளவில்லை.

மார்லிஸ்தான் கண்டுபிடித்தாள். புருஷனை இழந்தவள். ஆர்லனைக் கட்டிக்கொண்டு அரிசோனாவுக்குக் குடிபோக இருந்தவள். சர்ச் விருந்தில் இறைச்சி உருண்டைத் தட்டை மூன்றாவது முறையாக நீட்டினாள்.

"போதும் மார்லிஸ்."

"மூணாவது தடவையும் வேணாம்னு சொல்ற நார்வேக்காரனை இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "தொண்டையில நிக்குதா? டாக்டர்கிட்ட போ."

போனான். எங்கள் ஊர்க் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால், கால் முறிந்தவனும் எங்கள் ஊரில் 'மோசமில்லை' என்றுதான் சொல்வான். ஆர்லனும் அதையே சொன்னான். புது டாக்டர் வெளியூர்க்காரர், விடவில்லை. அமிலமாக இருக்கலாம், உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம், நரம்புக் கோளாறாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று எழுதினார்.

அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்குவது என் வேலை. நான் வாங்கவில்லை. நோயாளி மறுத்துவிட்டார் என்று பதிந்தேன்.

"அக்கா, குழாய் விடணும்னாரே டாக்டர்?"

"வேணாம்னு அவரே விட்டுட்டார்டா. வெறும் அமிலம். மாத்திரையப் போட்டுக்கிட்டு மெதுவா மென்னு தின்னு. தேறினதும் அரிசோனா போலாம்."

கிளினிக்கில் இருப்பவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? பயணத்தைத் தள்ளிப்போட்டான். எனக்கு அது போதும். நானும் அவனும் இருந்த அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம் ஐயா. ஜன்னலைத் திறக்கலாமா? சரி, வேண்டாம்.

நரம்புக் கோளாறென்றால் பெரும்பாலும் தண்ணீரும் ஆரம்பத்திலேயே மாட்டும். இவனுக்கு முதலில் இறைச்சி நின்றது, பிறகு ரொட்டி, ஜனவரியில் பாலும். அந்த வரிசைக்குக் கட்டி வளர்கிறது என்று அர்த்தம், எனக்குத் தெரியும். ரொட்டி நின்ற அன்றே தெரியும். மார்லிஸ் ஃபோன் செய்யும்போதெல்லாம் அவன் தூங்குகிறான் என்றேன்.

ஏப்ரலில் இறந்துபோனான். மறுத்தது அவனில்லை, நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் எழுதுங்கள். உருளைக்கிழங்கை மசித்து, வடிகட்டி, கடைசி நாள்வரை கரண்டி கரண்டியாக ஊட்டியவள் நான். மார்லிஸோடு போயிருந்தால் அவனை இப்படி யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?