பிரம்பும் அதைச் சேர்ந்த தழும்பும்

— …"வந்திருந்தோர் மூவர். தலைவர் பொன்னையா கங்காணி அவர்கள், பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், ஆயாம்மாவின் நாற்காலியில். செயலாளர் செல்லசாமி, தேயிலைப் பெட்டியை மேசையாக வைத்துத் தரையில். பொதுமக்கள், வாசற்படியில்." இம்புட்டும் சரிதானே, தலைவரே?

— பொதுமக்களா? அது யாரு?

— ராக்காயி அக்காதான்.

— ஏந் தம்பி, நான் ஒருத்திதானே குந்தியிருக்கேன்?

— கூட்டத்துக்கு வந்த பொதுமக்கள் முழுக்க நீங்கதான்க்கா. வேற யாரும் வரலியே.

— இந்தா பாரு செல்லசாமி, அவ கெடக்கட்டும். ஆயாம்மா நாற்காலின்னு எழுதாதே. தலைவர் நாற்காலின்னு எழுது. நுவரெலியாவுல இதை வாசிக்கிற தொரமாரு என்ன நெனப்பாங்க, புள்ளைகளுக்குப் பால் ஊத்துறவ நாற்காலியில கங்காணி குந்தியிருக்கான்னா?

— அடிச்சிட்டேன், தலைவரே. ஒரு கால் ஆடுதுன்னு மட்டும் இருக்கட்டுமா? நம்மளுது பழமைச் சங்கம், உள்ளதை உள்ளபடி எழுதணும்.

— ஆடலைன்னு எழுது.

— "ஆடாத நாற்காலியில்." எழுதிட்டேன். அடுத்து, கூட்டத்தின் பொருள். "மலைநாட்டுப் பழமைக் கழகத்தார் வருகிற மாதம் நுவரெலியாவில் நடத்தவிருக்கும் பழமைத் திருநாளில் நமது நாவமலைத் தோட்டம் கலந்துகொள்வது." அவுங்க சுத்தறிக்கையை வாசிக்கிறேன்.

— தேத்தண்ணி குடுப்பாங்கன்னு இருந்துச்சே, அதுலருந்து வாசி தம்பி.

— "வருகை தரும் தோட்டத்தார்க்குத் தேநீரும் பணிஸ் ரொட்டியும் வழங்கப்படும். நோட்டன் பிரிட்ஜ் சந்தியிலிருந்து லொறி வசதி உண்டு. கட்டுரைப் போட்டி உண்டு. ஒவ்வொரு தோட்டத்தாரும் தமது தோட்டத்தின் பழம்பொருள் ஒன்றை, ஒன்றை மட்டும், பதிவு செய்யலாம்."

— கொழுந்து பறிக்கிறவளுக்குத் தேத்தண்ணி குடுக்க லொறி வேற அனுப்புறாங்களா? நல்ல மனுசங்கதான்.

— முக்கியமானது கீழே இருக்குக்கா. "தேர்வாகும் பழம்பொருளுக்குக் கழகம் பித்தளைத் தகடு பொருத்தும். தகடு பொருத்திய பொருளை எக்காரணம் கொண்டும் இந்நாட்டை விட்டு வெளியேற்றுதல் ஆகாது."

— அதை இன்னொருக்கா வாசி.

— காலையிலருந்து நாலு தரம் வாசிச்சாச்சு, தலைவரே.

— அந்தக் கடேசி மட்டும் வாசி. காதுக்குக் குளிர்ச்சியா இருக்கு.

— "வெளியேற்றுதல் ஆகாது."

— இந்தா பாரு, இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்கப்பாரு பெரிய கங்காணி கையில புடிச்ச பெரம்பு. வெள்ளிப் பூண் போட்டது. அறுவது வருசம் ஆச்சு. இதோ, கையோட கொண்டாந்திருக்கேன். எழுதி ஒட்டு, எந்திரிச்சுப் போவோம்.

— மன்னிக்கணும், தலைவரே. செயலாளர் வேற ஒண்ணை முன்மொழியுறாரு.

— எந்தச் செயலாளரு?

— நான்தான். "பழம்பொருள்: ராக்காயி."

— என்னாது!

— அம்பது வருசத்துக்கு மேலான பொருளா இருக்கணும்னு விதி. அக்காவுக்கு அம்பத்திரெண்டு. இந்தத் தோட்டத்துல எட்டாம் நம்பர் லயத்து வீட்டுல பொறந்தவங்க. பிரஜாவுரிமை கேட்ட மனுவைத் தள்ளிட்டாங்க. ரெண்டு சர்க்காரும் போன வருசம் ஆளை எண்ணிப் பங்கு போட்டதுல அக்கா இந்தியாப் பங்கு. மக பூரணி புருசன் வழியில இந்த நாட்டுப் பங்கு. பூரணிக்கு இது நெற மாசம். அக்காவைக் கப்பல் ஏத்திட்டா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? ஒரு தகடு பொருத்திட்டோம்னா…

— எங்கே தம்பி பொருத்துவாங்க? ஆணி அடிப்பாங்களோ?

— கயித்துல கோத்துக் கழுத்துல போடச் சொல்லி வேண்டிக்கிறேன்க்கா.

— அப்பச் சரி. தாலிக்கயிறு இருந்த எடம் சும்மாதான் கெடக்கு.

— ஏய், ரெண்டு பேரும் வெளையாடுறீங்களா? கினிகத்தேனைப் பள்ளிக்கூடத்துல எட்டாவது படிச்சா இப்புடித்தான் புத்தி போவுமா? அந்தத் தாளுல பொருளோட இனம் கேட்டிருக்கான் பாரு. மரம், கட்டடம், இயந்திரம், பாத்திரம், விலங்கு, ஆயுதம். மனுசன்னு எங்கே போட்டிருக்கு?

— போடலதான். அதையும் இந்தக் கூட்டத்துல தீர்மானிக்கணும்.

— மரம்னு எழுது தம்பி. மழையிலயும் வெயில்லயும் மலையில நின்னவதானே.

— என்ன மரம்னு கேப்பாங்கக்கா. பூக்குமா, காய்க்குமான்னு கேப்பாங்க.

— காய்ச்சிருக்கு. பூரணியைக் காட்டு.

— கட்டடம்னு எழுதேன், கேப்போம். கூரை ஒழுகுதான்னு தொர வந்து பாப்பாரு.

— ஒழுகாத கூரை இந்தத் தோட்டத்துல ஏதுங்க, கங்காணியாரே? ஒழுகுனாத்தான் நம்ம தோட்டத்துக் கட்டடம்னு நம்புவாங்க.

— நான் நல்லா யோசிச்சிட்டேன். இயந்திரம்தான் பொருத்தம். "வேலைத்திறன்" அப்படின்னு ஒரு எடம் விட்டிருக்கான். ஒரு நாளைக்கு எத்தனை றாத்தல் கொழுந்து பறிப்பீங்கக்கா?

— கொழுந்து நல்லா இருந்தா முப்பது. கங்காணியாரு தராசைப் பார்த்தா இருவத்தஞ்சு.

— ஏய்!

— "பழுது ஏதும் உண்டா?"

— இடுப்பு.

— "எரிபொருள்?"

— ரொட்டியும் சம்பலும். பாலில்லாத சாயத் தண்ணி குடுத்தா இன்னும் கொஞ்சம் ஓடும்.

— நிறுத்து, நிறுத்து. தலைவருன்னு நான் ஒருத்தன் இங்கே குந்தியிருக்கேன். பின்பக்கம் திருப்பு அந்தத் தாளை. "இடம் பெயர்க்கப்பட்ட பொருள் ஏற்கப்படாது." வாசிச்சியா? இவ முடி எறக்கப் பழனிக்குப் போயி, வருசம் தாண்டித்தானே திரும்புனா? சர்க்காரு மனுவைத் தள்ளுனதே அதுக்குத்தானே? சர்க்காரு தள்ளுனதைப் பழமைக் கழகம் எடுத்து வச்சுக்குமா?

— அம்மை கண்டு படுத்துட்டேங்க. இல்லாட்டி மூணு மாசத்துல வந்திருப்பேன்.

— அடுத்த வரியையும் வாசிங்க, தலைவரே. "பழுது பார்ப்பதற்காகக் கொண்டுசெல்லப்பட்டு மீட்கப்பட்டது இடப்பெயர்ச்சி ஆகாது." அக்கா போனது நேர்த்திக்கடனுக்கு. நேர்த்திக்கடன் எதுக்கு?

— எனக்குக் காய்ச்சல் கொறையலைன்னு நேந்தது, தம்பி.

— அப்ப அது பழுது பார்க்கத்தான். தலைமுடி மட்டும் பழனியில நின்னுருச்சு, மத்த பாகமெல்லாம் திரும்பிருச்சு. எழுதிட்டேன்.

— எழுதாதே! இந்தா பாரு, தோட்டத்துக்கு ஒண்ணுதான். தலைவர் நானு. எங்க பெரம்புதான் போவணும். எனக்கென்ன, என் உரிமைப் பத்திரம் தைப்பொங்கலுக்கே வந்து பெட்டிக்குள்ள இருக்கு. நான் எனக்காகப் பேசல. தோட்டத்து மானத்துக்குப் பேசுறேன்.

— அந்தப் பத்திரத்தை இன்னும் ஒருத்தர் கண்ணுலயும் காட்டலியே, கங்காணியாரே.

— காட்டணும்னு சட்டமா?

— இல்லீங்க. கறவை மாட்டையும் வித்துட்டீங்க, பெரிய தகரப் பெட்டி ஒண்ணு புதுசாச் செய்யக் குடுத்திருக்கீங்க. பத்திரத்தை வைக்கத்தான் அம்மாம் பெரிய பெட்டியோன்னு லயத்துல பேசிக்கிட்டோம்.

— புல்லு கெடைக்கல, மாட்டை வித்தேன். பேத்திக்குச் சீருக்குப் பெட்டி. ஒங்கிட்டக் கேட்டுத்தான் செய்யணுமா? செல்லசாமி, பெரம்புன்னு எழுது!

— அக்கா, தலைவர் சொல்லு மேல செயலாளரு போவ முடியாது. சங்கத்துக்கு விதிமுறைன்னு ஒண்ணு நானே எழுதி வச்சிருக்கேன். எனக்கு மனசே இல்ல, ஆனா…

— நீ ஏந் தம்பி மொகம் வாடுறே? பெரம்பையே எழுது.

— பெரம்பையா?

— ஆமா. ஆனா முழுசா எழுது. ஒலக்கையைக் குடுத்தா ஒரலையும் சேர்த்துத்தானே குடுக்கணும்? பெரம்பை எழுதினா அது விழுந்த எடத்தையும் எழுது.

— எந்த எடம்?

— முதுகு. பூரணிக்குத் தெரியும், எண்ணெய் தேச்சு விடுறப்ப அவ வெரல் அதுல தட்டும். தோள்பட்டைக்குக் கீழே, சாய்வா.

— இந்தா பாரு ராக்காயி, எங்கப்பாரு ஆருமேலயும் கைநீட்டினவரு இல்ல. பெரிய கங்காணின்னா அது பேரு.

— அவுரு நீட்டலீங்க.

— பின்ன?

— நீங்க. மொதமொதல்ல தலைப்பாக் கட்டிக்கிட்டு மலைக்கு வந்த அன்னிக்கு. கொழுந்தோட காம்பையும் சேர்த்துக் கிள்ளிட்டேன்னு. எனக்குப் பன்னெண்டு வயசு. ஒங்களுக்கு அப்பத்தான் மீசை.

— எனக்கு அப்பிடி ஒண்ணும் ஞாபகம் இல்ல.

— எனக்கும் மறந்துதாங்க போயிருக்கும். முதுகுதான் ஞாபகம் வச்சுக்கிட்டிருக்கு.

— அக்கா! ஒரு நிமிசம்! விதி இருக்கு, விதி இருக்கு! "ஒரே தொகுதியைச் சேர்ந்த பொருட்கள் ஒரே பதிவாகக் கொள்ளப்படும். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தல் ஆகாது." பெரம்பு ஒண்ணு, அதைச் சேர்ந்த தழும்பு ஒண்ணு. ஒரே பதிவு! பெரம்பு நாட்டுல இருந்தா தழும்பும் இருக்கணும். தழும்பு இருந்தா அக்கா இருக்கணும்!

— தழும்புக்கு நாப்பது வருசந்தானேடா ஆவுது? அம்பது கேக்குறான்.

— பெரம்போட வயசுதான் தொகுதிக்கு வயசு, தலைவரே. பழைய செம்பைக் குடுத்தா அதோட மூடிக்குத் தனியா வயசு கேப்பாங்களா? ஆனா ரெண்டும் ஒரே தொகுதிதான்னு செயலாளரு பரிசோதிச்சு எழுதணும். அக்கா, கோவிச்சுக்கக் கூடாது.

— இந்தா, முந்தானையை எறக்கிட்டேன். அந்தப் பக்கம் பாக்காதீங்க, கங்காணியாரே.

— பாக்கல.

— பெரம்பைக் குடுங்க, தலைவரே. மெதுவா வைக்கிறேன்க்கா, சில்லுன்னு இருக்கும்.

— அன்னிக்குச் சுட்டுச்சு. இன்னிக்குச் சில்லுன்னு இருக்கா, இருக்கட்டும்.

— நீளம் சரி. பூணு பக்கத்துல ஒரு வளைவு இருக்கு பாருங்க, அதே வளைவு இங்கேயும் இருக்கு. தலைவரே, அச்சாப் பொருந்துது! ஒறையில கத்தி போட்ட மாதிரி! வந்து பாருங்களேன்!

— போதும்.

— இந்தக் கணு கூட…

— போதும்னேன். எடுறா அதை.

— எடுத்துட்டேன். அக்கா, மூடிக்குங்க. நான் தலைவரு முடிவைக் கேட்டு எழுதணும். தலைவரே? என்னன்னு எழுதட்டும்?

— எழுது.

— பெரம்பு மட்டுமா?

— ரெண்டையுந்தான். பிரிக்கக் கூடாதுன்னு அவனே சொல்றான்ல. எழுது.

— "நுவரெலியா, மலைநாட்டுப் பழமைக் கழகச் செயலாளர் அவர்கட்கு. ஐயா, நாவமலைத் தோட்டப் பழமைச் சங்கம் தங்கள் திருநாளுக்குப் பின்வரும் தொகுதியைப் பதிவு செய்ய விழைகிறது. கங்காணிப் பிரம்பு ஒன்று, வெள்ளிப் பூணுடன். அதைச் சேர்ந்த தழும்பு ஒன்று, ராக்காயியுடன். இனம், ஆயுதம். இரண்டும் நல்ல நிலையில் உள்ளன." நல்ல நிலையின்னு போடலாமாக்கா?

— போடு. இடுப்பைச் சொல்லாதே.

— "தகட்டில் எழுத வேண்டிய வாசகம்: வெளியேற்றுதல் ஆகாது. பிரித்தல் ஆகாது. லொறியில் இரு இருக்கை வேண்டும். பிரம்புக்கு இருக்கை தேவையில்லை. தலைவர் அதைப் பிடித்துக்கொள்வார்." கையெழுத்துப் போடுங்க, தலைவரே.

— பேனையைக் குடு.

— எழுத்து கோணிக்கிட்டுப் போவுதுங்களே.

— நாற்காலி ஆடுது.

— ஆடலைன்னுதானே எழுதச் சொன்னீங்க, கங்காணியாரே?

— சும்மா இரு ராக்காயி… இந்தா, போட்டாச்சு.

— ஒட்டுறதுக்குக் கோந்து காய்ஞ்சு போச்சு. சோத்துப் பருக்கை இருக்காக்கா?

— புள்ளைங்க தின்ன தட்டுல ஒட்டியிருக்கும், பாரு. அந்தா, ரெண்டு பருக்கை.

— ஒட்டிட்டேன். முத்திரையும் ஒட்டியாச்சு. தபால் பையோட அழகண்ணன் வாசல்ல நிக்கிறாரு. அழகண்ணே, இதை மேல வைங்க, கசங்கக் கூடாது! இன்னிக்குப் பஸ்ஸுலயே போயிரணும்!

— போயிட்டானா?

— எறக்கத்துல எறங்கிட்டாருக்கா. அவரு நடைக்கு இப்ப பாலத்தைத் தாண்டியிருப்பாரு. சரி, "கூட்டம் இனிதே நிறைவுற்றது." எந்திரிங்க, தலைவரே. ஆயாம்மா வந்து நாற்காலி கேப்பாங்க.

— கங்காணியாரே? ஏன் அப்பிடியே குந்தியிருக்கீங்க? இந்தாங்க, ஒங்க பெரம்பு.

— அழகனை ஓடிப்போயி நிறுத்த முடியுமா பாரு, செல்லசாமி. தொகுதின்னா அடிச்ச கையும் அதுல சேர்த்திதானே… என் மனுவையும் தை மாசமே தள்ளிட்டாங்கப்பா.