பூட்டிய குரல்

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், என் எதிரே ஒரே யூனிஃபார்மில் இரண்டு பேர். தெற்கத்திப் பேச்சுக்காரன்தான் ஆரம்பித்தான்.

"எங்கப்பா குரல நானே பூட்டிட்டேன் மச்சான்."

"இன்னாடா சொல்ற?"

"நெட்டுல சும்மா கெடைக்குத கோட் லைப்ரரிய வச்சு, ஃபைலப் பூட்டுத புரோகிராம் எழுதிப் பழகுனேம்லா. அப்பா எறந்து போறதுக்கு முன்னால போன்ல பேசுன ரெக்கார்டிங்கப் போட்டுப் பாத்தேன். பூட்டுனதும் ஒரிஜினல் தானா அழியுத மாதிரி எழுதியிருந்தேன். திரும்பத் தொறக்க வேண்டிய சாவியச் சேமிக்க ஒரு வரி எழுதணும். அத மறந்துட்டேன்."

"அந்த லைப்ரரி செஞ்சவங்களையே கேளேன்."

"கேட்டேன். சாவி இல்லாம எங்களாலயும் தொறக்க முடியாதுன்னு பதில் போட்டுட்டாவ."

"அப்புறம் அந்த ஃபைல வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? அழிச்சிடு."

"எப்படி அழிக்க? உள்ள அப்பால்லா இருக்காவ."