ஸ்ப்ரே அறைக்குள் வைத்த ஃபேன்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. மரச்சாமான் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் வேலை செய்கிறேன். தீக்காயத்தோடு மருத்துவமனையில் இருப்பவள் என் கணவரின் தங்கை, எனக்கு நாத்தனார். அதே பட்டறையின் ஸ்ப்ரே அறையில் பாலிஷ் அடிப்பவள். வாய் ஓயாது என்பதால் பட்டறையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வீட்டில் எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஸ்ப்ரே அறையில் ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும் தின்னர் ஆவி நிற்கும் என்பதால் அங்கே ஸ்விட்சும் கிடையாது, பிளக்கும் கிடையாது. விளக்கு தடித்த கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். ஆவியை வெளியே இழுக்கும் ஃபேனின் மோட்டார், பொறி வெளியே வராதபடி மூடிய வகை. போன்களை வாசலில் உள்ள தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அதன் சாவி காவலாளியிடம் இருக்கும்.

போன வாரம் அந்த ஃபேன் நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்துவிட்டு, இதே வகை மோட்டார்தான் போட வேண்டும், அது வரும்வரை உள்ளே ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்று எங்கள் முன்னால் சூப்பர்வைசரிடம் சொன்னார். இரண்டு நாள் வேலை நின்றிருந்தது. மூன்றாம் நாள், ஹோட்டலுக்கு மேஜைகள் போயாக வேண்டும் என்று முதலாளி கத்தியதால், சூப்பர்வைசர் தன் அறையில் இருந்த ஸ்டாண்ட் ஃபேனையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் கொண்டுவந்து ஸ்ப்ரே அறைக்குள் வைத்தார். அந்த ஃபேனின் பட்டனைத் தொட்டால் சடசடவென்று பொறி தெறிக்கும். அது அவருக்குத் தெரியும். அதைப் பென்சிலால்தான் அழுத்துவார்.

என் நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார், இது பொறி அடிக்குது. உள்ள வாடை குப்புன்னு நிக்குது. நான் போக மாட்டேன்."

"உன் வீட்டு அடுப்புகூடத்தான் பொறி அடிக்குது, நீ சமைக்கலியா? காத்து வருதான்னு மட்டும் பாரு."

நான் குறுக்கே போய், "எலக்ட்ரீஷியன் சொன்னது காதுல விழலியா சார்?" என்று கேட்டேன். "அண்ணியும் நாத்தனாரும் இன்னைக்கு மட்டும் ஒத்துமையா? அப்ப ரெண்டு பேரும் நாளையிலேருந்து வர வேணாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

"விடு அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு மேஜைகள் முடித்த பிறகு, மூச்சு முட்டுகிறது, ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டாள். சூப்பர்வைசர் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடி பென்சிலை அவளிடம் நீட்டி, "நீயே அமுக்கிக்கோ" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். பட்டன் சடசடத்த சத்தம் கேட்டது, அடுத்த நொடி அறை முழுவதும் ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. கதவு பிய்ந்து என் மேஜை மேல் விழுந்தது. நான் வெளியே இருந்த மெயினை இறக்கிவிட்டு, தச்சரோடு ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவளைப் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பில் கையுறை மட்டும் என்னோடு வந்தது. அது வெறும் கையுறை அல்ல என்பதை வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

போலீசார் வந்தபோது, அவள் உள்ளே போனை நோண்டிக்கொண்டிருந்ததால்தான் தீப்பிடித்தது என்று சூப்பர்வைசர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தகரப் பெட்டிக்குள் அவள் போன் அடித்தது. விஷயம் தெரியாமல் என் கணவர்தான் தங்கையைக் கூப்பிட்டிருந்தார். காவலாளி பெட்டியைத் திறந்து போனை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

மறுநாள் சூப்பர்வைசர் மருத்துவமனைக்கு வந்தார். தொண்டையில் குழாயோடு அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். அவர் என்னைத் தள்ளி அழைத்துப் போய், "போன் ரெண்டு வெச்சிருந்தான்னு சொல்லிடும்மா. அவ என்ன, எந்திரிச்சு வந்து பேசவா போறா?" என்றார். அப்போதுதான் நான் அவரை அறைந்தேன். அவர் கொடுத்த புகாரில் ஓர் அறை என்று இருக்கிறது. இரண்டு அறைந்தேன். என்னை யாரும் தூண்டவில்லை. வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ஓரிடத்தில் 'விபத்து' என்று இருந்தது. நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை என்றேன். வழக்கமாகப் போடுவதுதான் என்று எழுதுபவர் சொன்னார். அதை அடித்தால்தான் கையெழுத்து என்று சொன்னேன். அடித்துவிட்டார். மீதி அனைத்தும் நான் கண்டதும் செய்ததும்தான். யாருடைய மிரட்டலும் இல்லாமல் தெளிந்த நினைவோடு சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)