ஆறு மீன், ஆறு கை உப்பு

"எங்கம்மா என் கடல் மீனுக்குத் திருஷ்டி கழிச்சிருச்சு மாப்ள."

காளவாசல் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எப்படியும் மூன்று நாளாக அதே பக்கம்தான்.

"நல்லதுதான?" என்றார் பக்கத்தில் இருந்த நண்பர்.

"தலைக்கு ஒரு கை கல்லுப்ப சுத்தி, தண்ணியில கரைச்சிருக்கு. ஆறு மீனுக்கு ஆறு கை."

"எந்தத் தண்ணியில?"

"கண்ணாடித் தொட்டியிலதான்! 'கடல் தண்ணிதானப்பா, உப்போட உப்பா போகட்டும்'ங்குது. நான் கிராம் கணக்குல உப்பு அளந்து கரைக்கிறவன்டா. உள்ள வளர்க்கிற பவளமெல்லாம் சுருங்கிருச்சாம்."

"மீனு?"

முன் சீட்டுக்காரர் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "அம்மா, மீனெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"பயப்படாதய்யா. ஆறும் மேல வந்து, கண்ணத் தெறந்துக்கிட்டுத்தான் படுத்திருக்கு."

போனை வைத்ததும் நண்பர் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, மீனுக்கு இமையே கெடையாதேடா."

காளவாசல் வந்தது. "வீடு வந்துருச்சு, எறங்குடா" என்று நண்பர் எழுந்தார். இவர் முன்கம்பியைப் பிடித்த கையை விடவில்லை.

"அடுத்த ஸ்டாப்புல எறங்குவோம்டா."