அறிவிப்பின் இரண்டாவது வரி

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். ஏ.சி. அறையிலேயே உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தொண்டை சீக்கிரம் வறண்டுவிடுகிறது.

ஆலையின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாய்லர் அறை வாசலில் ஒரு திரை உண்டு. அதில் ஓடும் அறிவிப்பைச் சர்வரின் அமைப்புக் கோப்பில் நான்தான் எழுதுவேன். அறிவிப்பு ஒரு வரிக்கு மேல் போனால், வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட வேண்டும். இன்னும் இருக்கிறது, அடுத்த வரியையும் சேர்த்துப் படி என்று அதற்குப் பொருள். கோடு இல்லாவிட்டால் சர்வர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

அன்று காலை திரையில் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த அறிவிப்பின் முதல் வரி: 'பாய்லர் அணைக்கப்பட்டது, மூடியைக் கழற்றலாம்.' இரண்டாவது: 'அதற்கு முன் நீராவியை வெளியேற்றவும், அழுத்தமானி பழுதாகிப் பூஜ்யத்திலேயே நிற்கிறது.'

நான் சாய்கோட்டை எடுத்துவிட்டேன்.

கழற்றப்போகும் ஃபிட்டர் என் தங்கையின் கணவர். தங்கமான மனிதர், நான் மறுக்கவில்லை. ஆனால் போன மாதம் அவர்கள் வீட்டில் தங்கை என்னை எதிர்த்துப் பேசினாள். கன்னத்தில் ஒன்று வைத்தேன். சின்ன வயதிலிருந்து நான் அடித்து வளர்த்த பெண். இடது காது அவளுக்குச் சரியாகக் கேட்காது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் மச்சான். இனி இவ மேல கை வெச்சா நடக்குறதே வேற."

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பாய்லர் அறை வாசலுக்கு நானும் போனேன். அவர் திரையைப் படித்தார். உள்ளே எட்டி அழுத்தமானியையும் பார்த்தார்; முள் பூஜ்யத்தில் நின்றது.

"இவ்வளவுதானா மச்சான்? வேற ஒண்ணும் இல்லையே?"

"அவ்வளவுதான் மாப்ள. வேலையப் பாருங்க."

போல்ட்டுகள் தளர்ந்ததும் மூடி அவர் நெஞ்சில் பாய்ந்து, அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. உடனே போய்விடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கத்தினார். வாசல்வரை தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தார். காலை உதறினேன்; நீராவியில் வெந்த அவர் கையிலிருந்து கையுறையோடு தோலும் உரிந்து வந்தது. அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். வெளியில் இருப்பவர்கள் மேல் நீராவி பட்டுவிடக் கூடாதே.

பிணவறையில் தங்கை கதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுகை நின்றது; சுவரோரமாக ஒதுங்கினாள். அதிர்ச்சி, பாவம்.

ஆமாம், கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீக்கிரம் முடித்து அனுப்புங்கள். என்னை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்? என் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். தாழ்ப்பாளைக்கூட வெளிப்பக்கமாக மாற்றியாயிற்று.