ஜாம் ஆன எஞ்சின்

“நாலு எழுத்து படிச்சிட்டா எஞ்சினைப் பத்தியும் பேசுவியோ?” என்று மெக்கானிக் என்னிடம் கேட்டார். ஆறு வருடமாக நிற்கும் எங்கள் டிராக்டரைச் சரிசெய்யலாமே என்றுதான் சொல்லியிருந்தேன். எஞ்சின் ஜாம், பழைய இரும்புக்குத்தான் போகும் என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

நேற்று ஏரலிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் டிராக்டரின் ஆர்.சி. புத்தகம்.

“எஞ்சின் ஜாம்னா ஃபேன் எப்படிங்க சுத்திச்சு?” என்றாள் அவள்.

“எந்த ஃபேனுளா?”

“நம்ம டிராக்டர் ஃபேன்தான். கை பிரேக் பிடிக்காதுன்னு டாப் கியர்லயே நிறுத்தி வச்சிருந்தீங்க. அன்னைக்குக் கியரை எடுக்காமலே நாலு பேரு தள்ளுனீங்க. வண்டியும் நவுந்துச்சு, ஃபேனும் சுத்திச்சு. கியர்ல கிடந்தா சக்கரம் எஞ்சினைச் சுத்த வைக்கும், எஞ்சின்தான ஃபேனைச் சுத்த வைக்கும். ஜாம் ஆன எஞ்சினு அசையுமா?”

“மெக்கானிக் அப்படித்தானளா சொல்லுதான்.”

“சொல்லுவான். இரும்புக்கு எடுக்க ஆளக் கூட்டிட்டு வாரதும் அவன்தான.”

“ஏளா, அவன் நம்ம சொந்தக்காரன்லா!”

“அதான் எனக்குச் சந்தேகமே.”

அவர் ஆர்.சி. புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். பழையகாயலில் பஸ் நின்றதும், “இறங்குளா, இரும்புக்காரன்கிட்ட புத்தகத்தை இன்னைக்குக் கொடுக்க வேண்டாம்” என்று எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிராக்டரை டாப் கியரில் போட்டுத் தள்ள நான்கு பேருக்குச் சொல்லிவிட்டேன். மெக்கானிக்குக்குச் சொல்லவில்லை.